தேய்ந்த பிக்கார்டை ஒட்டுவதா, வாங்குவதா, வெட்டுவதா? பழைய பேஸ் கிட்டாருக்கு ஓர் ஒப்பீடு

குமரி மாவட்டத்தில் ஒருவர் கையில் பழைய பேஸ் கிட்டார் இருந்தால் அது பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்திருக்கும். வளைகுடாவில் வேலை பார்த்த மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த ஜப்பான் கிட்டாராக இருக்கும். இல்லையென்றால் ஏதோ ஓர் ஆலயத்தின் கொயர் (பாடகர் குழு) அறையில் அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கு மாறி மாறி வந்ததாக இருக்கும். இரண்டிலும் முதலில் அடிவாங்குவது பிக்கார்டுதான், அதாவது விரல் உரசி மரம் தேயாமல் இருக்க ஸ்ட்ரிங்குகளின் கீழே ஸ்க்ரூவால் மாட்டியிருக்கும் தகடு. விரல் படும் இடம் வெளுத்துத் தேயும், ஸ்க்ரூவைச் சுற்றிக் கீறல் விழும், ஓரம் மேலே எழும்பும். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டு முடிந்த கையோடு பலர் கேட்கும் கேள்வி இது: "இதையே ஒட்டிப் போடலாமா, புதுசு வாங்கணுமா, நாகர்கோவிலில் யாராவது வெட்டித் தருவாங்களா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிக்கார்டை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், அதன் கீழே இருக்கும் மரத்தை மாற்ற முடியாது. ஆகவே பாடியில், அதாவது கிட்டாரின் மர உடலில், புதிதாக ஒரு துளை போடச் சொல்லும் எந்த வழியும், எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும், எனக்கு விலை கூடிய வழிதான். கீழே உள்ள ஒப்பீடு முழுவதையும் இந்தக் கண்ணோடுதான் எழுதியிருக்கிறேன்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்க்ரூத் துளைகள். "பிரிசிஷன் மாடல்" என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தது. 1957இல் அதன் உருவமே மாறி, தங்க நிற அனோடைஸ்டு (மின்முறையில் ஆக்சைடு பூச்சு ஏற்றிய) அலுமினிய பிக்கார்டு வந்தது. அதற்கு 10 ஸ்க்ரூ. 1959 வாக்கில் ஆமையோட்டு நிறத்தில் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக் வந்தபோது ஸ்க்ரூ 13 ஆனது. ஒரே கம்பெனிக்குள்ளேயே இப்படி என்றால், 1970களில் ஜப்பானில் அதைப் பார்த்துச் செய்த கிட்டார்களில் துளைகள் எங்கே இருக்கும் என்று கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

பிக்கார்டில் என்னென்ன தொங்குகிறது. பிரிசிஷனில் வால்யூம், டோன் திருகுகள் (கன்ட்ரோல்கள்), கேபிள் செருகும் ஜாக் மூன்றும் பிக்கார்டிலேயே மாட்டியிருக்கும். ரிக்கன்பேக்கர் 4001இலும் கன்ட்ரோல்கள் பிக்கார்டில்தான். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் கன்ட்ரோலுக்குத் தனி உலோகத் தகடு உண்டு. ஹோஃப்னர் வயலின் பேஸில் பிக்கார்டு கிளிப் மேல் தூக்கி நிற்கும் ஒரு சிறு துண்டு மட்டுமே. பிந்தைய இரண்டிலும் எந்தப் பொருளைப் போட்டாலும் ஓடிவிடும். பிரிசிஷன் வகையில் அப்படி முடியாது. ஒவ்வொரு முறை கேபிளைச் செருகிப் பிடுங்கும்போதும் அந்த இழுப்பைத் தாங்குவது பிக்கார்டுதான். அங்கே தகடு விறைப்பாக, ஏறக்குறைய 2.3 மி.மீ. தடிமனில் இருக்க வேண்டும்.

இப்போது இருப்பது என்ன பொருள். இதைக் கண்டுபிடிக்காமல் பசையையோ தின்னரையோ கையில் எடுக்க வேண்டாம். கழற்றி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். சூடம் வாசம் வந்தால் அது செல்லுலாய்டு. செல்லுலாய்டுக்கு நெகிழ்வு தருவதற்காக அதில் சேர்ப்பதே சூடம்தான். அது வருஷக்கணக்கில் ஆவியாகிப் போகப் போகத்தான் பிக்கார்டு சுருங்கி, ஸ்க்ரூக்களுக்கு இடையே இழுபட்டு வெடிக்கிறது. தீக்குச்சி வைத்துச் சோதிக்கவே கூடாது, செல்லுலாய்டு குபீரென்று பற்றிக்கொள்ளும். வாசம் வராவிட்டால் பெரும்பாலும் பிவிசி அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக்.

நம் ஊர்க் காற்று. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் நனைக்கும் மாவட்டம் இது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் உப்புக்காற்று. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர்த் தோட்டத்து ஈரம். வறண்ட ஊரில் நன்றாக உழைக்கும் ஸ்க்ரூ இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். ஈரத்தில் நெக்கும் (பாடியிலிருந்து நீளும் கழுத்து) அசையும். பழைய வகையில் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) திருப்பும் முனை பாடிப் பக்கம் இருப்பதால், அங்கே பிக்கார்டில் சிறு வெட்டு விட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரைச்சல். பழைய பிக்கார்டின் அடியில் அலுமினியத் தகடோ ஃபாயிலோ இருந்தால் அது அழகுக்காக ஒட்டியதல்ல. டியூப் லைட்டும் சவுண்ட் சிஸ்டமும் ஒரே லைனில் ஓடும் ஆலயத்தில் ஹம் என்ற ரீங்காரம் வராமல் தடுப்பது அதுதான். புதிய பிக்கார்டுக்கும் அதைச் செய்தாக வேண்டும்.

## வழி 1: பழையதையே சரிசெய்வது

பார்ப்பதற்குச் செலவே இல்லாத வழி. பிவிசி பிக்கார்டு என்றால் பெரும்பாலும் இதுவே போதும். ஓரம் வளைந்திருந்தால் கன்ட்ரோல்களைக் கழற்றிவிட்டு, கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, துடைத்து, இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். கீறல் மேலும் ஓடாமல் நிற்க, அதன் நுனியில் 1 மி.மீ. துளை ஒன்று போடவேண்டும். பிறகு அடிப்பக்கம் ஒரு சிறு பிவிசி துண்டை வைத்து, பைப் கடையில் கிடைக்கும் சால்வென்ட் சிமென்ட்டால் ஒட்டலாம். மேல்பக்கம் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, பளபளப்பு உருகிப்போகும்.

செல்லுலாய்டுக்கு வெந்நீர் வேண்டாம், சூடு எதுவுமே வேண்டாம். அதே பொருளின் துணுக்குகளை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கி, கீறலில் அடியிலிருந்து நிரப்புவதுதான் முறை. சால்டரிங் அயர்னை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மறைவான செலவு ஒன்று இருக்கிறது. சுருங்கிய செல்லுலாய்டை ஒட்டி, மறுபடி எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கினால், சில மாதத்தில் பக்கத்தில் இன்னொரு கீறல் விழும். துளைகள் நேர்ப்படவில்லை என்றால் அந்த ஸ்க்ரூவை வெறுமனே விட்டுவிடுவதே நல்லது. இதைவிடப் பெரிய செலவும் உண்டு. சிதையத் தொடங்கிய செல்லுலாய்டு வெளிவிடும் வாயு ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலமாகிறது. நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அடியில் பாட் (வால்யூம், டோன் திருகின் உறுப்பு), ஒயர், பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சிக்னலாக்கும் உறுப்பு) ஸ்க்ரூ எல்லாம் பச்சை பூத்திருந்தால் அந்த பிக்கார்டைக் கிட்டாரில் விட்டுவைக்கவே கூடாது. அதைக் கழற்றி எடுத்துவிட்டால்தான் மற்ற உறுப்புகள் பிழைக்கும்.

ஒரிஜினல் 1960களின் அமெரிக்கக் கிட்டார், பிக்கார்டில் தேய்மானம் மட்டும்தான், அரிப்பு இல்லை என்றால் தொடாமல் விடுவதே சிறந்தது. அந்தத் தேய்மானத்தோடு சேர்த்துத்தான் அதற்கு மதிப்பு.

## வழி 2: ரெடிமேட் வாங்குவது

ஆன்லைனில் படம் பார்த்தால் ஆசை வரும். மூன்று அடுக்கு வெள்ளை, ஆமையோடு, முத்துச்சிப்பி என்று எல்லாம் கிடைக்கிறது. விளிம்பு சரிவாகச் செதுக்கி, துளையும் போட்டு, தயாராக வரும். அந்த விளிம்பு நேர்த்தி கையால் வெட்டுவதில் எளிதில் வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பொருந்தினால்தான் லாபம். 13 துளை கொண்ட, ஓரளவு புதிய ஃபெண்டர் அல்லது அதன் மலிவு பிராண்டான ஸ்குவையர் என்றால் வாங்கலாம். 1982இல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பான் கிட்டார்கள் நெருங்கி வரும், ஆனாலும் தாளில் துளைகளை எடுத்து ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுங்கள். 1970களின் ஜப்பான் நகல்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. 13 துளையில் ஒன்பது பொருந்தும், நாலு அரை மி.மீ. தள்ளி நிற்கும். அப்போது கடையில் இருப்பவர் "பாடியில வேற துளை போட்டுடலாம்" என்பார். வேண்டாம். துளை போடாத வெற்று பிக்கார்டும் விற்கிறார்கள். கேட்டு வாங்கினால் துளையை பாடிக்கு ஏற்றபடி நாமே போட்டுக்கொள்ளலாம்.

பலரும் கவனிக்காத இன்னொன்று பாட் துளை. அமெரிக்க அளவுப்படி வெட்டிய பிக்கார்டில் அதன் விட்டம் 9.5 மி.மீ. ஜப்பான் கிட்டார்களின் சிறிய பாட் 7 அல்லது 8 மி.மீ.தான் இருக்கும். பெரிய துளையில் சிறிய பாட் ஆடும், வாஷர் வைத்துச் சமாளிக்க வேண்டும். துளை சிறிதாக, பாட் பெரிதாக இருந்தால் பிரச்சினை இல்லை, அரத்தால் அகலப்படுத்தலாம். பிக்கப் வெளியே வரும் ஜன்னலும் இதே மாதிரிதான்: சிறிதாக இருந்தால் தேய்க்கலாம், பெரிதாக இருந்தால் இடைவெளி தெரியும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி, ஜிஎஸ்டி, கூரியர்க்காரர் கையாளும் கட்டணம் என்று பொருளின் விலைக்கு மேல் ஏறும். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு பிக்கார்டின் விலையை எட்டிவிடும்.

## வழி 3: உள்ளூரில் வெட்டிக்கொள்வது

நம் பக்கத்துப் பழைய கிட்டார்களில் பாதிக்கு மேல் இதுதான் சரியான வழி என்று நான் நம்புகிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அச்சு எடுப்பது. எல்லாரும் பழைய பிக்கார்டைக் கொடுத்து "இதே மாதிரி வெட்டுங்க" என்பார்கள். சுருங்கிய பிக்கார்டை அப்படியே நகலெடுத்தால் சுருக்கமும் சேர்ந்துதான் வரும். வெளிக்கோட்டுக்குப் பழைய பிக்கார்டு, துளைகளுக்கு பாடி. இந்த இரண்டையும் கலக்காதீர்கள். ஸ்ட்ரிங், பிக்கப், பிக்கார்டு எல்லாம் கழற்றிய பாடியின் மேல் ஒரு மெல்லிய தாளை விரித்து டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தால் ஸ்க்ரூத் துளை, பிக்கப் குழி, கன்ட்ரோல் குழி எல்லாம் தாளில் பதியும். இதன்மேல் பழைய பிக்கார்டின் வெளிக்கோட்டை வைத்து, சுருங்கிய இடங்களில் துளையிலிருந்து விளிம்புவரை உள்ள தூரத்தைச் சீராக்கி வரையுங்கள்.

வெட்டும் கடைக்கு போன் கேமரா படம் அனுப்பினால் ஓரங்கள் வளைந்து தெரியும். ஏ4 ஸ்கேனரில் இரண்டு பகுதியாக ஸ்கேன் செய்து, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் அளவு சரியா என்று அந்த ஸ்கேலே சொல்லிவிடும். அசல் செல்லுலாய்டை மட்டும் பார்சலில் எங்கும் அனுப்பாதீர்கள், தீப்பிடிக்கும் பொருள் அது.

முதல் வெட்டு அட்டையிலோ 3 மி.மீ. எம்டிஎஃபிலோ (மரத்தூள் பலகை) இருக்கட்டும். பாடியில் வைத்துப் பார்த்து, நெக் மூலையிலும் பிக்கப் ஜன்னலிலும் திருத்திவிட்டு, பிறகு நல்ல ஷீட்டில் வெட்டச் சொல்லுங்கள். இந்தச் சின்னச் செலவைத் தவிர்ப்பவர்கள்தான் நல்ல ஷீட்டை இரண்டு முறை வாங்குகிறார்கள்.

எந்த ஷீட். சைன்போர்டு கடைகளில் அக்ரிலிக் எளிதாகக் கிடைக்கும், லேசரில் சுத்தமாக வெட்டுவார்கள், நிறங்கள் நிறைய. குறை என்னவென்றால் அது நொறுங்கும். ஸ்க்ரூவை ஒரு சுற்று அதிகம் முறுக்கினால் கீறும். ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் நுண்கீறல் வலைபோலப் பரவும். ஹோஃப்னர், ஜாஸ் வகைக்கு அக்ரிலிக் போதும். ஜாக் மாட்டும் பிரிசிஷன் வகைக்கு என்றால் 3 மி.மீ.க்குக் குறையாமல் எடுங்கள்.

பெயர்ப்பலகை, டிராபி செய்யும் கடைகளில் இரண்டு நிற ஏபிஎஸ் ஷீட் வைத்திருப்பார்கள். மேலே கருப்பு, அடியில் வெள்ளை. விளிம்பைச் சரிவாகத் தேய்த்தால் வெள்ளைக் கோடு தெரிந்து அசல் பிக்கார்டு போலவே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த தோற்றம் இது. ஆனால் மெல்லிசு, ஜாக் இருக்கும் இடத்தில் அடியில் இன்னொரு துண்டு ஒட்டி வலுவேற்ற வேண்டும்.

எலெக்ட்ரிக்கல் கடையில் சுவிட்ச் போர்டுக்கு விற்ற ஹைலம் ஷீட்டை மறந்துவிடாதீர்கள். காகிதத்தையும் ஃபீனால் ரெசினையும் அழுத்திச் செய்தது. சுருங்காது, சூட்டில் வளையாது, ஜாக்கின் இழுப்பை அசராமல் தாங்கும். வாரம் நான்கு நாள் வாசிக்கும் கொயர் கிட்டாருக்கு இதைவிட உழைக்கும் பொருள் உள்ளூரில் இல்லை. அழகில் எளிமையானதுதான். வெட்டும்போது தூசி மோசம். முகத்தை மூடி, வெளியில் வைத்து வெட்ட வேண்டும். பிட்டும் சீக்கிரம் மழுங்கும்.

மூன்று அடுக்கு பிவிசி ஷீட் ஆன்லைனில் வரும். அசலுக்கு மிக நெருக்கமானது அதுதான். ஆனால் அதை லேசரில் கொடுக்கக் கூடாது. பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூச்சுக்கும் கேடு, மிஷினையும் அரிக்கும். விவரம் தெரிந்த கடைக்காரர் மறுப்பார். தெரியாதவரிடம் நாம்தான் சொல்ல வேண்டும். சிஎன்சி ரவுட்டரிலோ (கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டு மிஷின்), கையில் ஃப்ரெட்சா (மெல்லிய இழை ரம்பம்) வைத்தோ வெட்டுங்கள்.

துளையும் விளிம்பும். பிக்கார்டு ஸ்க்ரூவின் தடிமன் ஏறக்குறைய 2.8 மி.மீ. ஷீட்டில் 3.2 மி.மீ. துளை போட்டால் வெயிலிலும் மேடைச் சூட்டிலும் பிளாஸ்டிக் விரிய இடம் இருக்கும். இறுக்கமான துளையில்தான் கீறல் பிறக்கிறது. விளிம்பை அரத்தால் சரிவாக்கி, உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து முடியுங்கள். அடியில் காப்பர் டேப் ஒட்டி, பாட்டின் உடலைத் தொட்டு எர்த் ஆகிறதா என்று மல்ட்டிமீட்டரில் பாருங்கள். ஜாக்கின் சிக்னல் முனை அந்த டேப்பைத் தொட்டால் சத்தமே வராது.

இந்த வழியின் மறைவான செலவு உங்கள் நேரம்தான். கடையில் வெட்டும் வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அச்சு எடுப்பதும் விளிம்பு தேய்ப்பதும் பொறுமையைக் கேட்கும்.

## வழி 4: அலுமினியம்

1957ஐ நினைவூட்டும் தங்க நிறத் தகடு மேடையில் அழகாக இருக்கும், இரைச்சலையும் தானே தடுக்கும். ஆனால் கடற்கரை ஊர்களில் இதை வேண்டாம் என்றே சொல்வேன். உப்பு ஈரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் ஸ்க்ரூத் தலையைச் சுற்றி அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். வெட்டிய விளிம்பில் அனோடைஸ் பூச்சும் இருக்காது. பிளாஸ்டிக் பிக்கார்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூதான் நம் ஊருக்கு ஏற்றது, அலுமினியத்துக்கு அதுவே எதிரி.

## வழி 5: மரம், அல்லது ஒன்றுமே இல்லாமல்

தேக்கு, பலா இரண்டும் இங்கே கிடைப்பதால் ஆசாரியிடம் கேட்டுச் செய்பவர்கள் உண்டு. 3 மி.மீ. மரம் ஸ்க்ரூ ஓரத்தில் இழைவாக்கில் பிளக்கும், மழைக்காலத்தில் வளையும். மெல்லிய பிளைவுட் மேல் வெனீர் ஒட்டினால் நிற்கும்.

பிக்கார்டே இல்லாமல் விடுவது ஜாஸ், ஹோஃப்னர் வகையில் முடியும். வெளிச்சம் படாத பகுதி வேறு நிறத்தில் இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிரிசிஷன் வகையில் குழிகள் திறந்து கிடக்கும் என்பதால் இதைப் பேச்சுக்கே எடுக்க வேண்டாம்.

## யாருக்கு எது

விற்கும் எண்ணம் உள்ள, அசல் உறுப்புகளோடு இருக்கும் அமெரிக்கக் கிட்டார் என்றால் வழி 1. அரிப்பு தொடங்கியிருந்தால் மட்டும் அசலைக் கழற்றி வைத்துவிட்டு ரெடிமேட். துளைகள் தாளில் பொருந்திய புதிய கிட்டாருக்கு யோசிக்காமல் ரெடிமேட். ஜப்பான் நகலோ, எந்தக் கம்பெனி என்றே தெரியாத கொயர் கிட்டாரோ என்றால் உள்ளூர் வெட்டு. தினமும் உழைப்பதற்கு ஹைலம், பார்வைக்கு மூன்று அடுக்கு பிவிசி.

பாடித் துளைகள் தளர்ந்திருந்தால் பெரிய ஸ்க்ரூ போடாதீர்கள். மூங்கில் குச்சியைச் சீவி, ஃபெவிகால் தொட்டு இறக்கி, காய்ந்தபின் சமமாக வெட்டினால் பழைய ஸ்க்ரூவே பிடிக்கும்.

வேலையை மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்ட்ரிங் மாற்ற வேண்டிய நேரமாகவும் பாருங்கள். பிக்கார்டைக் கழற்ற ஸ்ட்ரிங்கை எடுத்தாக வேண்டும். ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங்கை அவிழ்த்து அதே வளைவில் மறுபடி முறுக்கினால் அந்த இடத்தில் முறிவதுண்டு, அதன் விலையும் சின்னதல்ல.

கழற்றிய பழைய பிக்கார்டைத் தூக்கி எறிய வேண்டாம். பிவிசி என்றால் ஸ்க்ரூக்களோடு ஒரு கவரில் போட்டு கிட்டார் பெட்டியிலேயே வைக்கலாம். செல்லுலாய்டு என்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரோ டப்பாவோ கூடாது. காகிதத்தில் சுற்றி, கிட்டார் பெட்டிக்கு வெளியே, அடுப்படியிலிருந்தும் வெயில் விழும் ஜன்னலிலிருந்தும் தள்ளி, உலோகச் சாமான் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். மேலே எந்தக் கிட்டாருடையது என்று எழுதி வையுங்கள்.